நல்ல தண்ணீர் என்று எழுதியிருந்த கல்

நம் பள்ளித் தோழர்கள் குழுவில் அந்த வீடியோவை யார் போட்டது என்று நான் கேட்கப் போவதில்லை. என் மகளின் பள்ளியில் குடிநீர் இயந்திரத் திறப்பு விழா. கறுப்பு கிரானைட் கல்வெட்டு, அதன்மேல் பட்டுத்துணி, இழுப்பதற்கு ஒரு நாடா. முதல் டம்ளர் குடிப்பதற்காக வரிசையில் நிறுத்திய சில பிள்ளைகள். அதில் என் மகளும் ஒருத்தி. அவள் டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது நடுவயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து தட்டிவிடுகிறாளே, அது நான்தான். "இவளுக்கு இன்னா ஆச்சு?" என்று உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை. பிறகு விசாரித்துவிட்டேன். என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "எல்லாரும் பாத்தாங்கம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். அந்தப் பட்டுத்துணி விலகி, பளபளவென்று பொன் எழுத்தில் கொடுத்தவர் பெயர் தெரிந்ததும் என் வாயில் ஒரு பழைய சுவை வந்தது. துருப்பிடித்த காசை நாக்கில் வைத்தது போன்ற சுவை. அதன் பிறகு நான் செய்தது எனக்கே சரியாக நினைவில்லை. உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம்மில் சிலருக்கு என் தெரு தெரியும். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில், ஒரு தோல் தொழிற்சாலையின் மதிலை ஒட்டியே இருந்தது. சுண்ணாம்பு, உப்பு, தோலிலிருந்து சுரண்டிப் போட்ட கொழுப்பு, மூன்றும் சேர்ந்த அந்த வாடையில்தான் நாங்கள் சோறு தின்றோம், பாடம் படித்தோம். விருந்தாளி வந்து மூக்கைப் பொத்தினால்தான் வாடை இருப்பதே நினைவுக்கு வரும். முன்பெல்லாம் தண்ணீருக்கு ஆற்று மணலில் கையால் ஊற்று தோண்டி, தெளிந்ததும் அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். நான் அப்போது நான்காவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஊற்றில் நுரை வந்தது. அதோடு ஆற்றுத் தண்ணீர் முடிந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றிலும் பெயர் எழுதும் பைத்தியமும் பிடித்தது. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று தொடங்கி அப்பன் பெயர், பாட்டன் பெயர், கடைப் பெயர் எல்லாம் கறுப்பு மையில் எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் செய்துவிட்டார்கள். பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரும் இடத்திலேயே கொடுத்தவர் பெயர் இருக்கும்; வெயில் காலத்தில் அந்தப் பச்சைப் பெயிண்ட் பாவாடையில் ஒட்டிக்கொள்ளும். பேருந்து நிழற்குடையில் கூரை ஓட்டை, ஆனால் கல்வெட்டு மட்டும் நனையாமல் இருக்க அதற்குத் தனியாக ஒரு சின்னக் கூரை. தொழிற்சாலையில் தீபாவளிக்குக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில்கூட, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் 'அன்பளிப்பு' என்று இருந்தது. அப்பா அதில்தான் தண்ணீர் குடிப்பார். குடிக்கும்போது எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி பிடிப்பார்.

அப்பா அந்தத் தொழிற்சாலையில் டைம் கீப்பர். ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம் குறிக்கும் வேலை. தெருவில் அவருக்கு மரியாதை இருந்தது அந்த வேலையால் அல்ல. அவர் நன்றாகத் தமிழ் எழுதுவார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மந்திரிக்கு வரவேற்பு வளைவு, எதற்கும் வாசகம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒரு ஆள் செத்து ஒரு மணி நேரத்தில் அவனைப் பற்றி நாலு வரி எழுதிவிடுவார். உயிரோடிருந்தபோது அவனிடம் இல்லாத குணமெல்லாம் அதில் இருக்கும்.

முதலாளியின் அம்மா இறந்த வருஷம் அது. அவர் நினைவாகத் தெருவுக்கு ஒரு கிணறு வெட்டித் தருவதாக முதலாளி சொன்னார். மதிலுக்கு வெளியே, எங்கள் தெரு முனையில் இடம். மதிலுக்கு உள்ளே, அதே இடத்துக்கு நேராக, கழிவு தேங்கும் குட்டை. அதை எல்லோரும் அறிவார்கள். எல்லோருக்கும் தண்ணீரும் வேண்டியிருந்தது. வட்டமாகக் கைப்பிடிச் சுவர், கப்பி, கயிறு. கிணற்றுக்குப் பின்னால் கோபுரம் போல ஒரு சிறு சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்தபடி அதில் வெள்ளைப் பளிங்குக் கல் பதித்தார்கள். வாசகம் அப்பாவுடையது.

"அன்னையின் நினைவாக ஊர் மக்களுக்கு வழங்கப்பட்ட நல்ல தண்ணீர்க் கிணறு. அனைவரும் அருந்திப் பயன் பெறுக."

இதற்கு அவர் ஒரு வாரம் தூங்கவில்லை. குடிநீர் என்று போடலாமா, நன்னீர் என்று போடலாமா என்று எங்களிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில், "நல்ல தண்ணீர்னு போட்டாத்தான் ஜனங்களுக்குப் புரியும்" என்று முடிவு செய்தார். கல் வந்தபோது முதலாளியின் பெயர் முழங்கை நீளம் இருந்தது. அவர் அம்மாவின் பெயர் அதில் பாதி. தண்ணீர் என்ற சொல்லைக் கிட்டத்தில் போய்த்தான் படிக்க வேண்டும். அப்பாவுக்கு வருத்தம். ஆனாலும் விழா அன்று ஒலிபெருக்கியில் அதை அவர்தான் படித்தார். அவ்வளவு தெளிவான குரல். பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். எல்லோரும் கை கழுவியது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்.

முதல் சில மாதம் தண்ணீர் நன்றாகவே இருந்தது. மழை பொய்த்தது. பிறகு ஒருநாள் காலையில் தேநீரில் பால் ஊற்றியதும் திரிந்தது. அம்மா பால்காரரைத் திட்டினார். மறுநாளும் திரிந்தது. சோறு மஞ்சள் நிறத்தில் வெந்தது. குடத்தில் இரவு வைத்த தண்ணீரின் மேல் காலையில் எண்ணெய் போல ஒரு ஏடு. விரலால் தொட்டால் வானவில் நிறத்தில் விலகிப் போய், மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். நாக்கில் அந்தக் காசுச் சுவை.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவது போல நாங்களும் அவரைக் காலா என்றுதான் கூப்பிடுவோம். சித்தி என்று அர்த்தம். வாய் திறந்தால் தெருவே கேட்கும். முதலில் சொன்னவர் அவர்தான்.

"டைம் கீப்பரண்ணா, உங்க கிணத்துல தோல் ஊற வெக்கலாம் போல கீதே."

"புதுக் கிணறு, அப்படித்தான் இருக்கும். எறைக்க எறைக்கத் தெளியும்."

"எப்போ? நாங்க எல்லாம் போய்ச் சேந்த அப்புறமா?"

பெண்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. மறுநாள் காலை என்னையும் தம்பியையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பெண்கள் குடத்தோடு நிற்கும் நேரம். ஒரு வாளி இறைத்தார். தீபாவளி டம்ளரில் மொண்டு முதலில் எனக்கு, பிறகு தம்பிக்கு.

"குடி. மூஞ்சியக் கோணாம குடி."

குடித்தோம். தம்பிக்கு அப்போது பள்ளியில் சேர்க்கும் வயதுகூட ஆகவில்லை. அப்பாவைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்று நினைத்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தான். "டைம் கீப்பர் பசங்களே குடிக்குதுங்க" என்று யாரோ சொன்னார்கள். வாளிகள் இறங்கின. அதற்குப் பிறகு தினமும் இது நடந்தது. கோயிலில் தீர்த்தம் கொடுப்பது போல, பல் தேய்த்ததும் எங்களுக்கு அந்த டம்ளர்.

அப்பா கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். வேலை போய்விடும் என்று பயந்து செய்தார் என்றாலும்கூட இத்தனை அருவருப்பு இருக்காது. பயம் எனக்கும் தெரிந்ததுதான். அவர் பயப்படவில்லை. முதலாளி அவரிடம் எதுவும் கேட்கவும் இல்லை. பளிங்கில் ஏறிவிட்ட தன் வாசகம் பொய்யாகப் போகிறதே என்பதுதான் அவர் கவலை. எழுத்து மெய்யாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் வயிற்றைக் கொடுத்தார். இது எனக்குப் புரிய, நானே ஒரு பிள்ளையைப் பெற வேண்டியிருந்தது.

தம்பிக்கு முதலில் வாயோரம் சிவப்பாகத் தடித்தது. பிறகு வயிறு. நாளெல்லாம் போய்க்கொண்டே இருந்தான். அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சினார். அதையும் அந்தத் தண்ணீரில்தான் காய்ச்சினார். ஒரு மத்தியானம் அவன் கண் மேலே சொருகிவிட்டது. துணியை உரித்தால் குச்சி குச்சியாகக் கால். வேலூருக்குப் பேருந்தில் அம்மா மடியில் போட்டுக்கொண்டு போனபோது, வழியெல்லாம் என் பாவாடையில் அவன் கழிந்ததன் நாற்றம். அதையும் மீறி மதில் வாடை என் மூக்கில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறான்?"

"நல்ல தண்ணிதாங்க" என்றார் அப்பா.

அம்மா அதுவரை வெளியாட்கள் முன்னால் அவரை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. "பொய் சொல்றாரு டாக்டர். டேனரி மதிலுக்குப் பக்கத்துக் கிணறு. அத்தத் தினமும் இவரே ஊத்திக் குடுக்கறாரு."

டாக்டரம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தண்ணிய நிறுத்துங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால புள்ளைய உயிரோட குடுக்க முடியாது."

தம்பி பிழைத்து வந்தான். தெருவே கிணற்றைக் கைவிட்டது. ரயில் பாதையைத் தாண்டி ஒரு மாந்தோப்புக் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி எடுத்துவந்தோம். காலா கிணற்றடியில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "எங்க ஆளுங்களும் செத்தவங்க பேர்ல கிணறு வெட்டுவாங்க. ஜனங்க குடிக்கிற வரைக்கும் அந்த நன்மை செத்தவங்களுக்குப் போய்ச் சேரும்னு. இந்தக் கிணத்துலேர்ந்து அந்த அம்மாவுக்கு இன்னா போய்ச் சேரும்? எங்க புள்ளைங்க வயித்துவலிதான் போவும். பாவம், செத்தும் பேஜார் அந்த அம்மாவுக்கு."

யாரோ புகார் எழுதிப் போட்டிருக்க வேண்டும். ஒரு அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். சில வாரம் கழித்து ஒரு பெயிண்டரோடு திரும்பி வந்தார். கல்லுக்குக் கீழே சிவப்பில் எச்சரிக்கை எழுத உத்தரவு. சேதி போய், முதலாளியே காரில் வந்து இறங்கினார். அந்தத் தெருவில் அவர் செருப்பு பட்டது விழாவுக்குப் பிறகு அன்றுதான்.

"எங்கம்மா பேருக்குக் கீழ கெட்ட தண்ணினு எழுதுவீங்களா? உங்க அம்மா பேருக்குக் கீழ எழுதுவீங்களா சார்?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். "எழுதணுங்க. ஆர்டர் இருக்குது."

"எழுத வேணாம்னு நான் சொன்னேனா? பின்னாடி எழுதுங்க."

கல் பதித்த சுவருக்குப் பின்பக்கம் தொழிற்சாலை மதில். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து. அதில் நாய் படுத்திருக்கும். ஆண்கள் அவசரத்துக்கு ஒதுங்குவார்கள். அதிகாரிக்கு நிம்மதியாகிவிட்டது. அவருடைய உத்தரவில் 'கிணற்றில்' என்றுதான் இருந்ததாம், எந்தப் பக்கம் என்று இல்லையாம். பெயிண்டர், வாசகம் என்ன என்று கேட்டான். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அம்மா கூட்டத்துக்குள் இருந்து சொன்னார்: "முன்னாடி எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நம்ம புள்ளதான செத்துப் பொழச்சது."

உண்மையிலேயே கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். முதலாளிகூட அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பெயிண்டரின் கையில் இருந்த சாக்குக்கட்டியை வாங்கினார். குனிந்து, பக்கவாட்டில் சந்துக்குள் நுழைந்தார். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "இந்நீர் குடிக்க உகந்ததல்ல. இப்படி எழுது. எழுத்து ஒரே அளவா இருக்கணும்."

"நாய்க்குப் படிப்பு சொல்லிக் குடுத்துட்டா சரியாப் போய்டும்" என்றார் காலா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு குடம். ஒன்று மாந்தோப்புத் தண்ணீர், எங்களுக்கு. இன்னொன்று கிணற்றுத் தண்ணீர். அம்மாவே போய் இறைத்து வந்து, அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் தீபாவளி டம்ளரில் ஊற்றி வைத்தார்.

"உங்க கிணத்துத் தண்ணி. அருந்திப் பயன் பெறுங்க."

அப்பா குடித்தார். மறுநாளும் குடித்தார். சண்டை போடவில்லை, டம்ளரைத் தள்ளவில்லை. ஒவ்வொரு மடக்குக்கும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் சாப்பிட்டோம். அம்மாவின் மேலும் எனக்கு அப்போது அருவருப்பு வந்தது என்று சொல்ல வேண்டும். எச்சில் துப்பிக் கொடுப்பது போல இருந்தது அது. அப்பா இளைத்தார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவந்தான். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் டம்ளர் நிரம்பியிருந்தது. இரண்டு கையாலும் எடுத்து வாயில் வைக்கப் போனான். அப்பா இலையைத் தாண்டிப் பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் சுவரில் மோதி நசுங்கியது.

"கெட்ட தண்ணிடா அது! வெஷம்டா!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அழுதார் என்று நினைக்கிறேன். "இத்த ஒரு வார்த்த அங்க சொல்லி இருக்கலாமே" என்றார். அந்தக் குடத்தைத் தெருவில் கவிழ்த்துவிட்டு, அப்பாவுக்கு எங்கள் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்தார். இனி அப்பா போய்ச் சொல்லிவிடுவார், முன்பக்கம் எழுதிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். அன்றைக்குத் தூங்கப் போகும்போது அவரை எனக்கு மறுபடி பிடித்திருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பள்ளியில் விடுவதற்காகச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். கிணற்றடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஆற்றோரம் சாலை போட வந்து கூடாரம் அடித்திருந்தவர்களில் ஒருத்தி. காலெல்லாம் தார். இடுப்பில் ஒரு குழந்தை. வாளியை இறைத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, மோந்து பார்த்து, சந்தேகமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வெள்ளைச் சட்டையோடு வரும் அப்பாவைக் கண்டதும் கூப்பிட்டாள்.

"சார், ஒரு நிமிஷம். இது குடிக்கிற தண்ணிதானா? கல்லுல இன்னாவோ எழுதி கீது. எனக்குப் படிக்கத் தெரியாது."

அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார். கல்லைப் பார்த்தார். அவர் முதுகு என் முகத்துக்கு நேராக இருந்தது. மூச்சு உள்ளே போய் நின்றது எனக்குத் தெரிந்தது. பிறகு படித்தார். ஒலிபெருக்கியில் படித்த அதே தெளிவான குரலில், ஒரு சொல்லும் விடாமல், முதலாளியின் பெயரிலிருந்து 'பயன் பெறுக' வரை.

"குடிக்காதீங்க!" என்று நான் கத்தினேன். "பின்னாடி வேற எழுதி இருக்குது! என் தம்பி..."

அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். "பாப்பாவுக்கு விளையாட்டு" என்று சிரித்தாள். "கல்லுலயே எழுதி வெச்சிருக்காங்க, பொய்யாவா எழுதுவாங்க?"

அப்பா மிதிக்கத் தொடங்கியிருந்தார். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி, சிந்தாமல், குழந்தையின் வாயில் விட்டாள். குழந்தை சப்புக்கொட்டியது. அவள் தலைநிமிர்ந்து, எங்களை நோக்கிக் கையைத் தூக்கி, "நல்லா இருக்கணும் சார்!" என்று உரக்கச் சொன்னாள்.

அப்பா ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, திரும்பாமலே, லேசாக ஆட்டினார்.